காலிக் கட்டத்தில் ஒரு மனைவி

1815 வாக்கில் ஆங்கிலேயக் கிராமம் ஒன்றில் மணம் முடித்து, பண்ணைக் கூலியாகவே காலம் தள்ளி, ஒரு கடிதம்கூட விட்டுவைக்காமல் போய்ச் சேர்ந்த கணவன் மனைவியைப் பற்றி இன்று எதுவும் தெரிய வழியில்லை என்றுதான் தோன்றும். ஆனால் காகிதத்துக்குப் பஞ்சமில்லை. 1538இல் மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் இட்ட உத்தரவிலிருந்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் பாரிஷ் என்னும் திருச்சபை வட்டாரத்தின் பதிவேட்டில் ஏறத் தொடங்கின. ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் 1754இல் நடைமுறைக்கு வந்தபின் மணமக்களும் இரு சாட்சிகளும் பதிவேட்டில் கையெழுத்தோ கீறலோ இட்டாக வேண்டும். 1813 முதல் ஞானஸ்நானத்துக்கு அச்சடித்த படிவம் வந்தது. அதில் தகப்பனின் தொழிலுக்கு ஒரு கட்டம். 1837 ஜூலை முதல் அரசே பிறப்பு, இறப்பு, மணங்களைப் பதிந்தது. இவற்றை வரிசையாக அடுக்கினால் ஒரு வாழ்க்கை கிடைத்துவிடும் என்று நம்புகிறவர்கள் அநேகம். உண்மையில் கிடைப்பது அதிகாரிகள் கேட்ட கேள்விகளுக்கான பதில்கள் மட்டுமே. கேள்வி என்னவென்று பார்க்காமல் பதிலைப் படித்தால் கணவன் ஓரளவு சரியாகத் தெரிவான். மனைவியைப் பற்றிக் கிடைக்கும் சித்திரம் தவறாகவே இருக்கும்.

1841 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். 49 வயதுக்காரி 45 ஆகிவிடுவாள். இதைத் திருத்திக்கொள்வது எளிது. தொழில் கட்டம்தான் வம்பு. மனைவியரின் தொழிலையும், கூலியில்லாமல் பெற்றோருக்கு ஒத்தாசை செய்யும் பிள்ளைகளின் தொழிலையும் எழுதத் தேவையில்லை என்ற பொருள்பட அறிவுரை இருந்தது. கணக்கெடுப்பாளர்கள் அதைத் தாராளமாகவே எடுத்துக்கொண்டு, கூலி வாங்கிய மனைவியருக்கும் கட்டத்தைக் காலியாக விட்டார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 1843இல், விவசாயத்தில் பெண்களும் குழந்தைகளும் உழைப்பது குறித்து அரசு வெளியிட்ட அறிக்கையைப் பாருங்கள். வில்ட்ஷயர், டார்செட் பகுதிப் பெண்கள் களை கொத்தியதையும் கல் பொறுக்கியதையும் வைக்கோற்புல் உலர்த்தியதையும் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். கேட்டதால் சொன்னார்கள்.

காலிக் கட்டம் எல்லாமே மறைக்கப்பட்ட உழைப்புதானா, உண்மையிலேயே கூலிக்குப் போகாத பெண்கள் இருந்திருக்க மாட்டார்களா என்று கேட்கலாம். இருந்திருப்பார்கள், அதனால்தான் காலிக் கட்டத்தை எந்தப் பக்கத்துக்கும் சாட்சியாகக் கூப்பிட முடியாது. அந்த ஊர்ப் பண்ணையின் கூலிக் கணக்குப் புத்தகம் பிழைத்திருந்தால் அதைப் பார்க்க வேண்டும். அங்கேயும் எச்சரிக்கை தேவை. அறுவடைக் காலத்தில் குடும்பமே சேர்ந்து செய்த வேலையின் கூலி கணவன் பெயரில் மட்டும் பற்று எழுதப்பட்டிருக்கக்கூடும். ஒரு மனிதன் ஒரே வாரத்தில் இருவர் வேலை செய்ததாகக் கணக்கு காட்டினால் அவன் பீமன் என்று வியக்க வேண்டியதில்லை. திருமணப் பதிவேட்டில் பெண் போட்ட பெருக்கல் குறிக்கும் இதே கவனம் வேண்டும். 1839 வாக்கில் மணமகன்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவரும் மணமகள்களில் ஏறக்குறைய பாதிப் பேரும் கீறல்தான் போட்டார்கள். அக்காலத்தில் வாசிக்கக் கற்றுத் தேறிய பிறகே எழுதப் பழக்கினார்கள். ஆகவே பேனா பிடிக்கத் தெரியாத பெண்ணுக்கு பைபிள் வாசிக்கத் தெரிந்திருக்கலாம்.

ஏழைகளைப் பற்றி மிகச் செழிப்பான தகவல் கிடைப்பது அவர்கள் கையேந்தி நின்ற இடத்தில். 1662இன் சட்டப்படி, பிழைக்க வந்த ஊர் தன் தலையில் சுமை விழுமென்று அஞ்சினால், ஒரு குடும்பத்தை அது சேர்ந்த பாரிஷுக்கே திருப்பி அனுப்பலாம். எந்த ஊர் பொறுப்பு என்று தீர்மானிக்க மாஜிஸ்திரேட் விசாரிப்பார். மணமாகாத வேலையாள் ஓர் ஆண்டு முழுதும் ஒரே பண்ணையில் ஊழியம் செய்தால் அந்த ஊரில் உதவி பெறும் உரிமை உண்டு என்பதால், எந்த வயதில் யாரிடம், என்ன சம்பளத்துக்கு இருந்தான் என்று கணவனின் இளமை முழுக்க வாக்குமூலத்தில் ஏறிவிடும். வசதியான கடைக்காரரின் இளமை இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பது அபூர்வம். மனைவியிடம் இதைக் கேட்க வேண்டிய அவசியமே சட்டத்துக்கு இல்லை. தாலி ஏறியதும் என்று நாம் சொல்வதுபோல, மோதிரம் ஏறியதும் கணவனின் ஊரே அவள் ஊர். விதவையானால், அவள் ஒரு நாளும் வாழ்ந்திராத அந்த ஊருக்கு வண்டியேற்றி அனுப்பவும் முடியும். அவளும் ஏதோ பண்ணை வீட்டில் பத்து வருஷம் பாத்திரம் தேய்த்திருக்கலாம். அது அவள் உரிமையைத் தீர்மானிக்காது, ஆகவே எழுதப்படவில்லை.

உதவி வேண்டி நிற்பவன் பொய் சொல்லமாட்டானா என்பது நியாயமான ஐயம். ஆனால் அந்தப் பொய்யை மறுக்க, செலவு தலையில் விழப்போகும் மற்ற பாரிஷ் காத்திருந்தது. பணம் சம்பந்தப்பட்டதால் முன்னாள் எஜமானர்களைத் தேடிப்போய் விசாரித்தார்கள். இதைவிடக் கனமான ஆட்சேபம் இன்னொன்று: பக்கத்து வீட்டுக்காரியின் சாட்சியத்தை வைத்து இவளுடைய கட்டத்தை நிரப்பினால் அது கதைதானே? நிரப்பினால் கதைதான். ‘இந்த ஊரில், இந்தக் கூலியில், ஆறு பிள்ளைகளோடு கணவன் சம்பாத்தியம் மட்டும் போதியிருக்காது, அண்டைப் பெண்கள் களை கொத்தினார்கள், இவள் செய்தாளா என்பதற்கு ஏடு இல்லை’ என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுவது வரலாறு. குடும்ப மரம் வரைவோர் பலர் மூன்றாவது வாக்கியத்தை விழுங்கிவிடுகிறார்கள். சில பேராசிரியர்கள் முதல் இரண்டையும் எழுதக் கூசுகிறார்கள். இரண்டுமே மனைவிக்குச் செய்யும் அநியாயம்.

கேள்வியை மீறிய பதிலும் எப்போதாவது அகப்படும். 1911 கணக்கெடுப்பில் குடும்பத்தார் கைப்பட எழுதிய தாள்களே பாதுகாக்கப்பட்டன. மணமாகி எத்தனை ஆண்டு, உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று அதில் கேட்டிருந்தார்கள். கணவன் உயிரோடுள்ள பெண்கள் மட்டுமே பதில் சொல்ல வேண்டிய கேள்வி. விதவைகள் பலரும் எழுதினார்கள். விதிப்படி அதிகாரி அவற்றின்மேல் கோடு கிழித்தார். கோட்டுக்கு அடியில் எண்கள் இன்றும் படிக்க முடிகிறபடியே இருக்கின்றன.