ஆக்ஸ்போர்டுக்குச் சென்ற அகராதித் திட்டம்

அச்சேறி வெளிவந்த நூல்களைப் பற்றிப் பேசுவோர் பலர். அந்நூல்கள் அச்சேறும் உரிமையைப் பெறுவதற்காகப் பதிப்பகத்தின் வாயிலில் காத்திருந்த காலத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. புலமை நூல் ஒன்றைப் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட வேண்டுமென விரும்புவோர் பெரும்பாலும் முதலில் அனுப்புவது நூலை அன்று. நூல் இன்னது, எத்தனை பக்கம், எத்தனை ஆண்டு, எவ்வளவு செலவு, இத்துறையில் முன்னரே உள்ள நூல்களினும் இஃது எவ்வாறு வேறுபட்டது என்று எடுத்துரைக்கும் ஒரு திட்டத்தையே அனுப்புவர். எழுதப்படாத நூலைப் பற்றி எழுதப்படும் அச்சில பக்கங்களில் உண்மை எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்று பிரித்தறிதல் எளிதன்று. ஆங்கில மொழியின் பேரகராதியாகிய ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி தோன்றிய வரலாறு இதனை நன்கு விளக்கும்.

இலண்டன் மொழிநூற் கழகத்தில் 1857ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ரிச்சர்டு டிரெஞ்சு என்னும் சமய அறிஞர், அன்று வழங்கிய ஆங்கில அகராதிகளின் குறைபாடுகளைப் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அகராதி என்பது நல்ல சொல் இது, தீய சொல் இது என்று தேர்ந்து தரும் நூல் அன்று. ஒரு மொழியின் எல்லாச் சொற்களையும், ஒவ்வொன்றும் பிறந்த நாள்தொட்டு அதன் பொருள் மாறி வந்த வரலாற்றையும் காட்டும் ஏடு என்பது அவர் கொள்கை. அதனை நிறைவேற்ற ஒரே வழி, பழைய நூல்களையெல்லாம் படித்துச் சொற்களின் ஆட்சியை மேற்கோளாக எடுத்தெழுதுவதே. ஒரு சொல்லுக்கு ஒரு சீட்டு என எழுதி அனுப்புமாறு பொதுமக்களே வேண்டப்பட்டனர். 1859இல் புதிய அகராதிக்கான திட்ட அறிக்கை வெளியாயிற்று. முதல் பதிப்பாசிரியர் எர்பர்ட் கோல்ரிட்ஜ், கவிஞர் சாமுவேல் கோல்ரிட்ஜின் பேரர். சீட்டுகளை வகைப்படுத்த அவர் செய்வித்த மரப்பெட்டியில் இருந்தவை 54 அறைகளே. ஏறத்தாழ இரண்டாண்டுகளில் முதற்பகுதி அச்சுக்குச் சென்றுவிடும் என அவர் நம்பினார். 1861இல் தம் முப்பதாம் வயதில் அவர் மறைந்தார்.

அடுத்துப் பொறுப்பேற்ற பிரெடரிக் பர்னிவால் ஓயாத ஊக்கமும் ஓரிடத்தில் நில்லாத மனமும் உடையவர். பழைய ஆங்கில நூல்கள் அச்சாகாமல் ஏட்டுநிலையிலேயே கிடந்தால் மேற்கோள் எடுப்பது எங்ஙனம் என்று கேட்டு, 1864இல் பழம் ஆங்கில நூல் பதிப்புக் கழகத்தைத் தோற்றுவித்தார். அது தேவையான பணியே. ஆயினும் ஒரு கழகத்திற்குப் பின் மற்றொரு கழகமாக அவர் தோற்றுவித்துக்கொண்டே செல்ல, அகராதிச் சீட்டுகள் நாட்டின் பல மூலைகளிலும் துணைப் பதிப்பாசிரியர்களின் வீடுகளில் தூசு படிந்து கிடந்தன.

1876இல் மாக்மில்லன் நிறுவனம், அமெரிக்க ஆர்ப்பர் நிறுவனத்தோடு சேர்ந்து, வெப்ஸ்டர் அகராதிக்குப் போட்டியாக ஓர் ஆங்கில அகராதி வெளியிட எண்ணியது. அதற்குத் தக்க ஆசிரியராகக் கருதப்பட்டவர் ஜேம்ஸ் மர்ரே. இசுகாத்துலாந்தில் தையற்காரர் ஒருவரின் மகனாக 1837இல் பிறந்த அவர், 14 வயதோடு பள்ளியை விட்டவர்; பின்னர்த் தாமே பல மொழிகளைக் கற்றவர். சில ஆண்டுகள் இலண்டனில் சார்ட்டர்டு வங்கியில் எழுத்தராக இருந்தார். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் கிளை கண்ட அதே வங்கிதான். பின்னர் மில்கில் பள்ளியில் ஆசிரியராயினார். மாக்மில்லனார் வணிகர், அவர்கள் முதலில் கேட்ட வினா எத்தனை பக்கம் என்பது. கழகத்தார் விரும்பிய அளவுக்கும் மாக்மில்லனார் தாங்கக்கூடிய அளவுக்கும் இடைவெளி மிகுதியாக இருந்தது. பர்னிவாலின் விட்டுக்கொடாப் பேச்சும் சேர்ந்துகொள்ள, பேச்சு முறிந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகமும் இப்பணியை ஏற்கவில்லை.

எஞ்சியது ஆக்ஸ்போர்டு. அன்று மொழிநூற் கழகத்தின் தலைவராக இருந்த என்றி ஸ்வீட், 1877ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் கிளாரண்டன் அச்சகச் செயலாளர் பார்த்தலோமியூ பிரைசுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். இன்றைய பதிப்பகங்கள் கேட்கும் நூல் திட்டத்தின் உறுப்புகள் பலவற்றை அக்கடிதத்தில் காணலாம். நூலின் நோக்கம், அதன் தேவை, கழகத்தின் கையிலுள்ள மூலப்பொருள், பொறுப்பேற்கத் தகுந்த ஆசிரியர், பல்கலைக்கழகம் அடையும் பெருமை ஆகியவை அதில் இடம்பெற்றன. அக்கடிதத்தின் உயிர்நிலை, இருபதாண்டு உழைப்பில் சேர்ந்த பெருந்தொகுப்பு கழகத்திடம் உள்ளது என்பதே. வெறுங்கையோடு வரவில்லை, விதைத்து நீர் பாய்ச்சிய வயலோடு வருகிறோம், அறுவடைக்கு மட்டுமே துணை வேண்டும் என்பது அதன் தொனி. வயலில் பயிர் எவ்வளவு, களை எவ்வளவு என்று அப்போது எவரும் இறங்கிப் பார்த்திருக்கவில்லை. ஸ்வீட் பொய்யுரைத்தார் எனல் தகாது. சிதறிக் கிடந்த சீட்டுகளைக் கண்ணால் காணாமலே கணக்கிட்டார் எனலாம்.

ஆக்ஸ்போர்டு விரைந்து விடையளிக்கவில்லை. அச்சகத்தை ஆண்ட குழுவினர் யாவரும் பல்கலைக்கழக அறிஞர்கள். அவர்களுள் ஒருவர் மாக்ஸ் முல்லர். கிழக்கிந்தியக் கும்பெனியின் பொருளுதவியோடு இருக்கு வேதப் பதிப்பை ஆக்ஸ்போர்டு அச்சகத்தில் 1849இல் தொடங்கி, ஆறு தொகுதிகளாக 1874இல் முடித்தவர் அவர். பெருநூல் ஒன்று ஒருவரின் வாழ்நாளை எவ்வாறு விழுங்கும் என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர். அவர் இத்திட்டத்தை ஆராய்ந்து குழுவினருக்கென ஒரு குறிப்புரை எழுதினார். ஆங்கில நாட்டின் பெருமை இவ்வகராதியில் அடங்கியுள்ளது என்று அவர் கருதினார். ஆனால் மாதிரியாகக் காட்டப்பட்ட பக்கங்களை ஆக்ஸ்போர்டார் குறை கூறாமல் விடவில்லை. சொற்பிறப்பு கூறும் முறையிலும் ஒலிப்பைக் காட்டும் முறையிலும் அவர்கள் ஐயம் எழுப்பினர். மர்ரே விளக்கம் எழுதினார், மாதிரிகளைத் திருத்தினார். இறுதியில் 1878 ஏப்ரல் 26ஆம் நாள் அவர் ஆக்ஸ்போர்டு சென்று குழுவினர்முன் நேரில் அமர்ந்தார். பட்டமும் பதவியும் நிறைந்த அவையில், பல்கலைக்கழக வகுப்பறையில் அமர்ந்து பயிலாத பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் திட்டத்தை நிலைநாட்டிய காட்சியைத் தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்த்தல் தகும்.

அதற்குப் பின்னும் ஓராண்டளவு பேச்சு நீடித்தது. நூலின் ஊதியத்தில் கழகத்திற்கு என்ன பங்கு, மூலப்பொருள் யாருக்கு உரிமை, இடையில் ஆசிரியர் மாறினால் என்ன செய்வது என்றெல்லாம் விவாதம் நடந்தது. விண்ணப்பக் கடிதத்தை எழுதிய ஸ்வீட்டே, தனியே மர்ரேக்கு ஓர் எச்சரிக்கையும் விடுத்தார். அச்சகத்தார் உம் பணியில் ஓயாது தலையிடுவர். ஒருநாள் உம்மை நீக்கிவிட்டு, நீர் சேர்த்த பொருளையும் பயிற்றிய உதவியாளரையும் ஆக்ஸ்போர்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைத்து, அவர் வேலை செய்யாமலே சம்பளம் பெறச் செய்வர் என்பது அதன் சாரம். ஒரே கையால் விண்ணப்பமும் எச்சரிக்கையும் எழுதப்பட்டமை வியப்புக்குரியது.

1879 மார்ச்சு முதல் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதன்படி நூல் நான்கு தொகுதிகளாக, ஏறத்தாழ 7000 பக்கங்களில், பத்தாண்டுகளில் முடிதல் வேண்டும். மர்ரேக்கு 9000 பவுன். உதவியாளர் ஊதியமும் இதர செலவும் அதிலிருந்தே. பள்ளி வேலையை முழுவதும் விடாமலே இதனைச் செய்யலாம் என்றும் கருதப்பட்டது.

மில்கில் பள்ளித் தோட்டத்தில் மர்ரே இரும்புத் தகடுகளால் ஒரு கூடம் அமைத்து, 1029 புறாக்கூட்டு அறைகளைச் சுவர்களில் பொருத்தினார். கோல்ரிட்ஜின் 54 அறைகளோடு இதனை ஒப்பிட்டால், கனவுக்கும் வேலைக்கும் உள்ள தொலைவு விளங்கும். பர்னிவால் அனுப்பிய சீட்டுகள் சாக்குகளிலும் பெட்டிகளிலும் வந்திறங்கின. மொத்தம் இரண்டு டன்னுக்குச் சற்றுக் குறைவு. ஒரு சாக்கில் எலி குஞ்சு பொரித்திருந்தது. ஓர் எழுத்துக்குரிய கட்டு இத்தாலியில் புளோரன்சு நகரில் இருந்தது. மற்றோர் எழுத்தின் ஒரு பகுதி அயர்லாந்தில் ஒரு குதிரைக் கொட்டிலில் கண்டெடுக்கப்பட்டது. இவற்றையெல்லாம்விடப் பெரிய இடர் ஒன்று சீட்டுகளுக்குள்ளேயே இருந்தது. அரிய சொற்களைக் குறித்தனுப்புமாறு படிப்போர் பணிக்கப்பட்டிருந்தனர்; அவர்கள் அதனை அப்படியே செய்தனர். எனவே எவரும் அறியாத 'அபியூஷன்' என்னும் சொல்லுக்கு ஐம்பது மேற்கோள் கிடைக்க, நாள்தோறும் வழங்கும் 'அபியூஸ்' என்னும் சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. விதைத்த வயல் என்று விண்ணப்பத்தில் தோன்றியதன் உண்மை நிலை இது. 1879 ஏப்ரலில் மர்ரே மீண்டும் பொதுமக்களை வேண்டினார். ஆயிரம் பேர் மூன்றாண்டுகள் படித்துத் தருதல் வேண்டும் என்று கேட்டார். ஏறத்தாழ அடியிலிருந்தே தொடங்கிய பணி அது.

ஒப்பந்தக் கணக்குப்படி ஆண்டுக்கு 700 பக்கங்கள் வந்திருக்க வேண்டும்; ஐந்தாண்டில் 3500 பக்கங்கள். 1884 தொடக்கத்தில் வெளியான முதற்பகுதி 'ஆன்ட்' என்னும் எறும்பு வரை மட்டுமே எட்டியது. பக்கம் 352, சொன்னதில் பத்தில் ஒரு பங்கு. பணமும் அவ்வாறே கரைந்தது. மர்ரே தம் கைப்பொருளை இட்டார். வங்கியாளர் என்றி அக்ஸ் கிப்சு கடன் தந்து உதவினார். வீட்டுப் பிள்ளைகள் சிறு காசுக்குச் சீட்டுப் பிரித்தனர். ஸ்வீட்டின் எச்சரிக்கையும் ஓரளவு பலித்தது. 1883இல், அன்று துணைவேந்தராக இருந்த பெஞ்சமின் சோவெட், மேற்கோள்கள் நல்ல நூலாசிரியர்களிடமிருந்தே வருதல் வேண்டும், செய்தித்தாள்களிலிருந்து அன்று என்ற கட்டளைகளோடு தலையிட்டதோடு, மர்ரே எழுதிய முன்னுரையையே மாற்றியெழுதினார். மர்ரே விலகிவிடுவதாக அறிவிக்கும் நிலை வந்தது. பிறர் இடையிட்டு அமைதி செய்தனர். 1885இல் அவர் பள்ளியை விட்டு ஆக்ஸ்போர்டுக்கே குடிபெயர்ந்தார். வெப்ஸ்டரைப் போல் இத்தனை மடங்குக்கு மேல் போகக்கூடாது என்னும் பூசல் அங்கும் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

இங்கே ஒரு வினா எழுகிறது. ஐம்பதாண்டு ஆகும், 15,000 பக்கத்தைத் தாண்டும் என்று 1877இலேயே ஸ்வீட் எழுதியிருந்தால் அச்சகத்தார் இசைந்திருப்பரா? இசைந்திரார் என்றே கொள்ளலாம். அளவைப் பற்றி முதலிலேயே நெருக்கிக் கேட்ட மாக்மில்லனார் கணக்கில் வென்றனர், அகராதியை இழந்தனர். பிழைபட்ட கணக்கை நம்பிய ஆக்ஸ்போர்டார் பெருந்தொகையை இழந்து அகராதியைப் பெற்றனர். ஆயினும் அப்பிழையின் சுமை கடிதம் எழுதியவர்மேலும் விழவில்லை. ஒப்பியவர்மேலும் முழுதும் விழவில்லை. பத்தாண்டு என்று கையெழுத்திட்ட ஒருவரின் 36 ஆண்டுகளின்மேல் விழுந்தது. விண்ணப்பத்தைப் போற்றுவோர் இதனை மறத்தல் முறையன்று.

இதே ஆக்ஸ்போர்டில், மர்ரே உழைத்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், தமிழ் கற்பித்து வாழ்ந்தவர் ஜி. யு. போப். அவருடைய நாலடியார்ப் பதிப்பையும் திருவாசக மொழிபெயர்ப்பையும் கிளாரண்டன் அச்சகமே முறையே 1893இலும் 1900இலும் வெளியிட்டது. அவர் 1905இல் விரிவான தமிழ் அகராதி ஒன்று வேண்டுமென இந்திய அமைச்சருக்கு ஒரு திட்டம் விடுத்தார். 1908இல் அவர் மறைந்தார். சென்னையில் 1913இல் சாண்ட்லரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு பணி தொடங்கியபோது, ஐந்தாண்டும் ஒரு இலட்சம் ரூபாயும் போதுமென மதிப்பிடப்பட்டது. வையாபுரிப்பிள்ளை அதனை ஆறு தொகுதிகளாக நிறைவேற்றியபோது ஆண்டு 1936. செலவு நான்கு இலட்சத்தைக் கடந்திருந்தது. அகராதித் திட்டங்களில் கணக்கு தவறுவது ஆங்கிலேயர்க்கு மட்டும் உரிய குறை அன்று போலும்.

1908இல் சர் பட்டம் பெற்ற மர்ரே, 'டி' எழுத்தின் பகுதிகளில் உழைத்துக்கொண்டிருந்த காலத்தில், 1915 சூலை 26ஆம் நாள் மறைந்தார். பிராட்லி, கிரெய்கி, ஆனியன்சு ஆகியோர் எஞ்சியதை முடித்தனர். 1928 ஏப்ரல் 19ஆம் நாள் இறுதிப் பகுதி வெளிவந்தது. மொத்தம் 4,14,825 சொற்கள். பதினெட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். முதல் தொகுதியின் தலைப்புப் பக்கத்தில், மொழிநூற் கழகம் தொகுத்த மூலப்பொருளையே பெரும்பாலும் அடிப்படையாகக் கொண்டது இந்நூல் என்று அச்சிட்டிருந்தனர். ஸ்வீட்டின் கடிதத்தில் இருந்த உறுதிமொழி அது.