அறை வாடகை வரம்பு (மருத்துவக் காப்பீடு)

அறை வாடகை வரம்பு என்பது இந்தியாவில் தனிநபர்களும் குடும்பங்களும் விலை கொடுத்து வாங்கும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகள் பலவற்றில் இடம்பெறும் ஒரு நிபந்தனை ஆகும். மருத்துவமனையில் உள்நோயாளியாகத் தங்கும் அறைக்கு நாளொன்றுக்கு இவ்வளவுதான் வழங்கப்படும் என இது வரையறுக்கின்றது. வரம்பை மீறிய அறையில் தங்குபவர் வாடகையின் வேறுபாட்டை மட்டும் செலுத்தினால் போதும் என்பது பரவலான எண்ணம். உண்மையில், அறுவைச் சிகிச்சைக் கட்டணம் உள்ளிட்ட பிற செலவுகளும் அதே விகிதத்தில் குறைக்கப்படுகின்றன. இது விகிதாசாரக் கழிவு எனப்படும். காப்பீடு பெற்றவர்களும் மருத்துவமனையிலிருந்து வெளியேறும் நாளில் பெருந்தொகையைத் தம் கையிலிருந்து செலுத்த நேர்வதற்கு இது ஒரு முதன்மையான காரணமாகும்.

பின்னணி

இந்தியாவில் 1986 ஆம் ஆண்டு பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனங்கள் மெடிக்ளெய்ம் என்னும் பாலிசியை அறிமுகப்படுத்தின. 1999 ஆம் ஆண்டின் சட்டத்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) சட்ட அங்கீகாரம் பெற்றது, அதன்பின் தனியார் நிறுவனங்களும் இத்துறையில் நுழைந்தன. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தம் கையிலிருந்து செலுத்தும் பங்கு 2013-14 இல் 64.2 விழுக்காடாகவும் 2021-22 இல் 39.4 விழுக்காடாகவும் இருந்ததாகத் தேசிய நலக் கணக்குகள் தெரிவிக்கின்றன. இதில் புறநோயாளிச் சிகிச்சையும் கடையில் வாங்கும் மருந்துகளும் அடங்கும்.

அறை வாடகை வரம்பு பாலிசிக்குப் பாலிசி மாறுபடும். காப்பீட்டுத் தொகையில் நாளொன்றுக்கு 1 விழுக்காடு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 2 விழுக்காடு என்பது பழைய பாலிசிகளில் பரவலாகக் காணப்படும் அளவு. 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக அறிமுகமான ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் இது 2 விழுக்காடு, உச்ச அளவு 5,000 ரூபாய் என வகுக்கப்பட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு 5 விழுக்காடு, உச்ச அளவு 10,000 ரூபாய். வேறு சில பாலிசிகள் தொகையைக் குறிப்பிடாமல் "குளிரூட்டப்பட்ட தனியறை" என வகையை மட்டும் குறிப்பிடுகின்றன. வரம்பே இல்லாத பாலிசிகளும் உள்ளன. அவற்றின் பிரீமியம் பொதுவாகக் கூடுதலாக இருக்கும்.

விழுக்காட்டு முறையில் ஒரு சிக்கல் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் 2 இலட்சம் ரூபாய்க்கு எடுத்த பாலிசியை உயர்த்தாமல் புதுப்பித்து வருபவருக்கு இன்றும் நாளொன்றுக்கு 2,000 ரூபாய் அறைக்கே உரிமை உண்டு. அறை வாடகையோ அவ்வாறு நிற்பதில்லை.

விகிதாசாரக் கழிவு

தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் ஒரே அறுவைச் சிகிச்சைக்குப் பொது வார்டில் ஒரு கட்டணமும் தனியறையில் அதனினும் கூடுதலான கட்டணமும் பெறப்படுகின்றன. மருத்துவர் ஒருவரே, அறுவை அரங்கும் ஒன்றே. நோயாளியின் அறை வகை மட்டுமே வேறு. உயர்ந்த அறையைத் தேர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்த கட்டணத்தைத் தேர்ந்தவராகிறார் என்பதே இக்கழிவுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் கூறும் நியாயம்.

எடுத்துக்காட்டாக, 3 இலட்சம் ரூபாய் பாலிசி வைத்திருக்கும் ஒருவருக்கு அறை வரம்பு 1 விழுக்காடு, அதாவது 3,000 ரூபாய் எனக் கொள்வோம். அவர் 6,000 ரூபாய் அறையில் நான்கு நாட்கள் தங்குகிறார். அறை வாடகை 24,000 ரூபாய். அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கு முதலிய கட்டணங்கள் 1,20,000 ரூபாய். மருந்து, உடலில் பொருத்தும் கருவி, பரிசோதனைகள் 56,000 ரூபாய். மொத்தம் 2,00,000 ரூபாய். அவருக்கு உரிய வாடகை செலுத்திய வாடகையில் பாதி என்பதால் அறைக்கு 12,000 ரூபாயும், மருத்துவர் மற்றும் அரங்குக் கட்டணத்துக்கு 60,000 ரூபாயும் மட்டுமே ஏற்கப்படும். மருந்து முதலியவற்றுக்குரிய 56,000 ரூபாய் முழுமையாகக் கிடைக்கும். நிறுவனம் வழங்குவது 1,28,000 ரூபாய். நோயாளி செலுத்துவது 72,000 ரூபாய். அறை வாடகையின் வேறுபாடு 12,000 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 60,000 ரூபாய் அறைத் தேர்வின் மறைமுக விலையாகும். மொத்தச் செலவு காப்பீட்டுத் தொகைக்குள் அடங்கியிருந்தும் இந்நிலை ஏற்படுவதைக் கவனிக்க வேண்டும்.

இக்கணக்கில் மருந்துக்குக் கழிவு இல்லாமை 2020 ஜூனில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதலின் விளைவு. மருந்து மற்றும் பயன்பாட்டுப் பொருட்கள், பொருத்தும் கருவிகள், நோயறி பரிசோதனைகள் ஆகியவற்றை விகிதாசாரக் கழிவுக்கு உட்படுத்தலாகாது என அது விதித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்துக்கும் இக்கழிவு கூடாது. அறை வகைக்கேற்பக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளுக்கும் இக்கழிவு பொருந்தாது. இறுதிக் கணக்குத் தாளில் இவற்றுள் ஏதேனும் குறைக்கப்பட்டிருந்தால் அதற்குக் காரணம் கேட்கலாம். பலர் மொத்தத் தொகையை மட்டுமே பார்த்துவிட்டுக் கையெழுத்திடுகின்றனர்.

சேர்க்கையின்போது

இச்செலவு பெரும்பாலும் மருத்துவமனையின் சேர்க்கைப் பிரிவில், அறை கேட்கும் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. பாலிசியின் வரம்பு எவ்வளவு என்பதுடன், அதில் செவிலியர் கட்டணம் அடங்குமா என்பதையும் அறிந்திருத்தல் வேண்டும். பல பாலிசிகளில் அறை, உணவு, செவிலியர் கட்டணம் மூன்றும் சேர்ந்ததே வரம்பு. 3,000 ரூபாய் வரம்புடையவர் 2,800 ரூபாய் அறையை எடுத்து, நாளொன்றுக்கு 600 ரூபாய் செவிலியர் கட்டணமும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டிவிடுவார்.

உரிய அறை காலியாக இல்லை என்று உயர்ந்த அறை ஒதுக்கப்படுவதும் உண்டு. பாலிசியில் விதிவிலக்கு இல்லாவிடில் அப்போதும் கழிவு பொருந்தும். ஆகவே குறைந்த வகைக் கட்டணத்திலேயே கணக்கிடுமாறு மருத்துவமனையிடம் எழுத்தில் கேட்பதும், அறை காலியானவுடன் மாறிக்கொள்வதும் பயன் தரும். முன்கூட்டியே திட்டமிட்ட அறுவைச் சிகிச்சையாயின், அறை வகைவாரியான உத்தேச மதிப்பீட்டைப் பெற்று ஒப்பிட இயலும். காப்பீட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தமுள்ள மருத்துவமனைகளில் கண்புரை, மகப்பேறு போன்றவற்றுக்குப் பேசி முடித்த தொகுப்புக் கட்டணம் இருக்கக்கூடும். அதையும் கேட்டறிதல் வேண்டும்.

2024 மே மாதச் சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கை மீது ஒரு மணி நேரத்துக்குள்ளும், வெளியேறுவதற்கான இறுதி ஒப்புதல் மீது மூன்று மணி நேரத்துக்குள்ளும் நிறுவனம் முடிவெடுக்க வேண்டும். மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட தாமதத்தால் மருத்துவமனை பெறும் கூடுதல் கட்டணம் நிறுவனத்தையே சாரும்.

பிற சொந்தச் செலவுகள்

இணைப் பங்களிப்பு உள்ள பாலிசிகளில் ஏற்கப்பட்ட தொகையின் ஒரு பகுதியை நோயாளியே செலுத்த வேண்டும். ஆரோக்கிய சஞ்சீவனியில் இது 5 விழுக்காடு. முதியோருக்கான பாலிசிகளில் இதனினும் உயர்ந்த அளவுகள் காணப்படுகின்றன. சில சிகிச்சைகளுக்குத் தனி உச்ச வரம்பும் உண்டு. அணையாடை, குழந்தை உணவு, தொலைபேசிக் கட்டணம் போன்றவை பொதுவாக வழங்கப்படுவதில்லை. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலம் 2024 இல் 48 மாதங்களிலிருந்து 36 மாதங்களாகக் குறைக்கப்பட்டது.

காப்பீட்டுத் தொகையை மலிவாக உயர்த்த மேல்நிரப்புப் பாலிசிகள் உதவும். இவை குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவை மட்டும் ஏற்பவை. சாதாரண மேல்நிரப்பு ஒவ்வொரு சேர்க்கையையும் தனித்தனியே நோக்கும். சூப்பர் டாப்-அப் ஆண்டின் மொத்தச் செலவை நோக்கும். எல்லை 3 இலட்சமாக இருக்க, ஓராண்டில் இருமுறை 2 இலட்சம் வீதம் செலவானால், முன்னது எதுவும் வழங்காது; பின்னது 1 இலட்சம் வழங்கும். எனினும், அடிப்படைப் பாலிசியில் விகிதாசாரக் கழிவால் விடுபட்ட தொகையை இவை ஈடுசெய்யும் என எண்ணலாகாது. அதற்கு அறை வரம்பை நீக்கும் கூடுதல் இணைப்பை வாங்குதலோ, புதுப்பிக்கும் காலத்தில் வரம்பற்ற பாலிசிக்கு மாறுதலோதான் வழி. மாறும்போது ஏற்கனவே கழிந்த காத்திருப்புக் காலம் பழைய காப்பீட்டுத் தொகையின் அளவுக்குத் தொடர்ந்து கணக்கில் கொள்ளப்படும்.

முறையீடு

கழிவு தவறாகச் செய்யப்பட்டதாகக் கருதுபவர் முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை நிறைவளிக்காவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். இதற்குக் கட்டணமில்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 50 இலட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை இவர் விசாரிக்கலாம். 2023 வரை இவ்வெல்லை 30 இலட்சமாக இருந்தது. தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் உள்ளது. முறையீட்டுடன் பாலிசி ஆவணம், மருத்துவமனையின் விரிவான கட்டணச் சீட்டு, நிறுவனத்தின் கழிவுக் கணக்கு ஆகியவற்றின் படிகளை இணைத்தல் வேண்டும்.