கரன்ட் (வீட்டுத் தோட்டப் பழச்செடி)

கரன்ட் என்பது ரைபீஸ் பேரினத்தைச் சேர்ந்த, முள்ளற்ற, இலையுதிர்க்கும் குறுஞ்செடிகளையும் அவற்றில் கொத்தாகத் தொங்கும் சிறு பழங்களையும் குறிக்கும். கறுப்பு, சிவப்பு, வெள்ளை ஆகிய மூன்றும் தோட்டத்துக்குரியவை. ஆளுயரத்துக்கு மேல் வளராமல், பகுதி நிழலிலும் காய்த்து, 15 ஆண்டுகள் வரை பலன் தருவதால் குளிர்நாட்டுச் சிறு கொல்லைக்கு இதைவிடப் பொருத்தமான பழச்செடி அரிது. குளிர்காலத்தில் பல நூறு மணி நேரக் கடுங்குளிர் கிடைத்தால்தான் மொட்டு ஒழுங்காக அவிழும். ஆகவே வெப்பநாட்டுச் சமவெளிக்கு இது ஏற்றதன்று. கேக்கில் சேர்க்கக் 'கரன்ட்' என்ற பெயரில் விற்கப்படும் உலர்பழம் ஒரு சிறு திராட்சை வகை. அதற்கும் இச்செடிக்கும் உறவில்லை.

வகைப்பாடு

லின்னேயஸ் 1753இல் வெளியிட்ட நூலில் சிவப்புக் கரன்ட் ரைபீஸ் ரூப்ரம் என்றும், கறுப்புக் கரன்ட் ரைபீஸ் நைக்ரம் என்றும் பெயர் பெற்றன. முள்ளுள்ள கூஸ்பெரியையும் அவர் இதே பேரினத்தில் சேர்த்தார். அந்தச் சேர்க்கை நெடுங்கால வாதத்துக்கு இடமளித்தது. போலந்துத் தாவரவியலாளர் யான்செவ்ஸ்கி 1907இல் எழுதிய விரிவான ஆய்வு நூல் எல்லாவற்றையும் ஒரே பேரினமாகவே கொண்டது. மறு ஆண்டே அமெரிக்காவில் கோவில், பிரிட்டன் என்னும் தாவரவியலாளர் இருவரும் கூஸ்பெரியைத் தனிப் பேரினமாகப் பிரித்தனர். 1924இல் தாவரவியலாளர் ஆல்வின் பெர்கரும் அவ்வழியே சென்றார். ஆனால் முள்ளை மட்டும் வைத்துப் பேரினம் பிரிக்க இயலாது என்பதைத் தோட்டமே காட்டிவிட்டது. ஜெர்மனியில் ருடால்ஃப் பவர் கறுப்புக் கரன்ட்டையும் கூஸ்பெரியையும் கலந்து உருவாக்கிய யோஸ்டா 1977இல் வெளிவந்து நன்கு காய்த்தது. ஆகவே ரைபீஸ் ஒன்றே பேரினம். முன்பு கல்லுடைச்செடிக் குடும்பத்தில் வைக்கப்பட்டிருந்த அது, இன்று சுமார் 150 இனங்களுடன் தனிக் குடும்பமாக நிற்கிறது.

கறுப்புக் கரன்ட்டின் இலையடியில் மஞ்சள் நிற நுண்சுரப்பிகள் உண்டு. இலையைக் கசக்கினால் கடும் மணம் எழும். சிவப்புக்கு இவை இல்லை. வெள்ளைக் கரன்ட் தனி இனமன்று. சிவப்பின் நிறமிழந்த வடிவமே. தோட்டக்காரருக்கு இந்தப் பகுப்பு ஏட்டறிவு அல்ல: எந்தக் கிளையை எப்போது வெட்டுவது என்பதை முடிவு செய்வது இதுவே.

வரலாறு

சிவப்புக் கரன்ட் முதலில் தோட்டத்துக்கு வந்தது. 15ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மூலிகை நூல்களில் அது இடம்பெற்றுள்ளது. கறுப்பு பின்தங்கியதற்கு அதன் மணமே காரணம். 1611இல் தோட்டக்காரர் ஜான் டிரடெஸ்கான்ட், ஹாட்ஃபீல்டு மாளிகைத் தோட்டத்துக்காகக் கறுப்புக் கரன்ட் செடிகளை ஹாலந்திலிருந்து இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். பிரான்சில் 1712இல் வெளிவந்த ஒரு சிறுநூல் அதைப் பல நோய்க்கும் மருந்தாகப் புகழ்ந்த பின்னர் வீட்டுக்கு வீடு பரவியது. 1841 முதல் திஜோன் நகரில் அதன் மதுபானம் தயாரிக்கப்பட்டது.

அமெரிக்காவில் கதை வேறாயிற்று. வெள்ளைப் பைன் மரத்தைக் கொல்லும் கொப்புளத் துரு நோயின் பூஞ்சை, தன் வாழ்க்கையின் ஒரு பகுதியை ரைபீஸ் இலையில் கழிக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஐரோப்பிய நாற்றுகளுடன் அந்நாட்டுக்குள் நுழைந்ததும், மரத்தொழிலைக் காக்கவென்று கரன்ட் வளர்ப்புக்குத் தடை வந்தது. 1930களில் கூலியாட்களைக் கொண்டு காட்டுச் செடி, கொல்லைச் செடி என்று பாராமல் பிடுங்கினர். பைனிலிருந்து கிளம்பும் வித்துகள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறக்கக்கூடியவை. ஆகையால் நோய் ஒழியவில்லை, செடிதான் ஒழிந்தது. மத்திய அரசின் தடை 1966இல் விலக்கப்பட்டது. நியூயார்க் மாநிலம் 2003இல்தான் மனமிரங்கியது.

பிரிட்டனிலோ இரண்டாம் உலகப்போரின்போது ஆரஞ்சு வரத்து நின்ற வேளையில், கறுப்புக் கரன்ட் சிரப் சிறு குழந்தைகளுக்கு இலவசமாக வழங்கப்பட்டது. 100 கிராம் பழத்தில் சுமார் 180 மில்லிகிராம் வைட்டமின் சி உண்டு. ஆரஞ்சில் அதன் மூன்றில் ஒரு பங்கும் இல்லை.

பயிரிடும் முறை

செடிகள் உறங்கும் குளிர்காலமே நடுவதற்கு உகந்தது. ஈரம் காக்கும், நீர் தேங்காத மண்ணில் ஒன்றரை மீட்டர் இடைவெளி விட வேண்டும். வேர்கள் மேலாகவே ஓடுவதால் மண்வெட்டியால் கொத்துவது கேடு; மக்கிய எருவால் மூடாக்கு இடுவதே நலம்.

கறுப்புக் கரன்ட்டை நாற்றங்காலில் இருந்ததைவிட 5 சென்டிமீட்டர் ஆழமாக நட்டு, தண்டுகளை மண்ணோடு ஒட்டக் குறைக்க வேண்டும். அப்போதுதான் அடியிலிருந்து புதுத் தண்டுகள் புறப்படும். பெரும்பாலும் சென்ற ஆண்டின் தண்டில்தான் அது காய்க்கும். எனவே ஆண்டுதோறும் முதிர்ந்த தண்டுகளில் மூன்றில் ஒரு பங்கை அடியோடு அகற்றுவது வழக்கம். சிவப்பும் வெள்ளையும் முதிர்ந்த கிளையின் குறுமுளைகளில் காய்ப்பவை. அவற்றை ஒற்றை அடித்தண்டில் கிண்ண வடிவாக வளர்த்து, முதன்மைக் கிளைகளை நிறுத்தி, பக்கக் கிளைகளை மட்டும் ஒன்றிரண்டு மொட்டுக்குக் கத்தரிக்க வேண்டும். சிவப்பை வெயில் குறைந்த வடக்குச் சுவரிலும் படர்த்தலாம். ஒன்றுக்குரிய வெட்டை மற்றொன்றுக்குச் செய்தால் அந்த ஆண்டு விளைச்சல் போய்விடும்.

இலையுதிர்ந்த பின் வெட்டிய 20–25 சென்டிமீட்டர் குச்சிகள் எளிதில் வேர்விடும். கறுப்புக்கு எல்லா மொட்டுகளையும் விட்டுவைக்க வேண்டும்; சிவப்புக்கு மண்ணுக்குள் போகும் மொட்டுகளைக் கிள்ளிவிட வேண்டும்.

நோயும் பூச்சியும்

கறுப்புக் கரன்ட்டின் பெரும் பகை, மொட்டை உப்பவைக்கும் சிலந்திப்பேன். அது பரப்பும் வைரஸ் நோய் செடியை மலடாக்கும். மருந்தில்லை, பிடுங்கி எரிப்பதே வழி. பூக்கும் பருவத்து உறைபனி பிஞ்சைக் கருக்கும். சிவப்புப் பழங்களைப் பறவைகளிடமிருந்து காக்க வலை கட்டாயம்.

இன்றைய நிலை

ஸ்காட்லாந்தில் டண்டிக்கு அருகிலுள்ள ஆய்வு நிலையம் உருவாக்கிய, மலைகளின் பெயர் தாங்கும் 'பென்' வரிசை வகைகள் இன்று பரவலாக வளர்க்கப்படுகின்றன. அமெரிக்காவின் சில மாநிலங்களில் கட்டுப்பாடு இன்னும் நீடிக்கிறது.