கிரப்பும் திரைத் தெளிவுத்திறனும்

கணினியை இயக்கியதும் இயங்குதளத்தை நினைவகத்தில் ஏற்றும் நிரல் துவக்க ஏற்றி எனப்படும். லினக்சில் பெரிதும் பயன்படும் 'கிரப்' ஏற்றியை 1995இல் எரிக் போலின் உருவாக்கினார்.

பழைய கிரப்பில் 1024×768 திரை வேண்டுவோர் கெர்னல் கட்டளை வரியில் 791 என எழுதினர். வெசா தரத்தின் 279ஆம் திரைமுறையுடன் லினக்சு 512ஐக் கூட்டியதால் வந்த எண் இது. பார்த்தவுடன் எவருக்கும் பொருள் விளங்காது.

கிரப் 2இல் அகலத்தையும் உயரத்தையும் அப்படியே எழுதலாம். உபுண்டுவின் அமைப்புக் கோப்பில் எடுத்துக்காட்டாக உள்ள 640×480, ஐபிஎம் 1987இல் வெளியிட்ட விஜிஏ தரத்தின் அளவாகும்.

பொருந்தாத அளவைக் கொடுத்தால் துவக்கப் பட்டியல் தெரியாமல் போகலாம். எனவே பல அளவுகளைக் காற்புள்ளியிட்டு எழுதி, இறுதியில் 'ஆட்டோ' என்ற ஆங்கிலச் சொல்லைச் சேர்ப்பது நல்லது. கிரப் அவற்றை வரிசையாக முயலும். கோப்பை மாற்றியபின் கிரப் அமைவைப் புதுப்பித்தால்தான் மாற்றம் நடைமுறைக்கு வரும்.