வேலியோர மரம்

நிழல் தரும் மரமெல்லாம் நலம் தரும் மரமாகிவிடா. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலக் குதிரைப் பண்ணைகளின் வரலாறு இவ்வுண்மைக்குச் சான்று பகர்கின்றது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் லெக்சிங்டன் வட்டாரத்தில் குடியேறியோர் காடு திருத்தி மேய்ச்சல் நிலம் அமைத்தனர். ஆயினும், ஓங்கி நின்ற ஓக், நீல ஆஷ் மரங்கள் பலவற்றைக் கால்நடைகளின் நிழலுக்கென விட்டுவைத்தனர். வேலியோரங்களிலோ, பறவைகள் இட்ட விதைகளால் கருஞ்செர்ரி மரங்கள் தாமே முளைத்தன. 

2001ஆம் ஆண்டு இளவேனிலில் சினைக்குதிரைகள் பல கருச்சிதைவுற்றன. ஈன்ற குட்டிகளும் மடிந்தன. மறு ஆண்டும் இத்துயர் தொடர்ந்தது. ஈராண்டில் அழிந்த கருக்களும் குட்டிகளும் ஆயிரக்கணக்கில் அடங்கும். புல்லில் படர்ந்த பூஞ்சை நஞ்சென்றும், செர்ரி இலையிலுள்ள சயனைடென்றும் முதலில் ஐயுற்றனர். கெண்டக்கிப் பல்கலைக்கழக ஆய்வோ, அம்மரங்களில் கூடு கட்டும் கம்பளிப்புழுவைச் சுட்டியது. மரத்தினின்று இறங்கிய புழுக்களைக் குதிரைகள் புல்லோடு சேர்த்து உண்டன. புழுவின் சுணை குடலைத் துளைக்க, நோய்க்கிருமிகள் குருதியிற் கலந்து கருவைத் தாக்கின என்பர் ஆய்வாளர்.

அதன்பின் பண்ணைகள் பலவற்றில் செர்ரி மரங்கள் வெட்டி அகற்றப்பட்டன. மேய்ச்சல் நிலத்திற்கு மரம் தேர்வோர் நிழலின் பரப்பை மட்டும் அளந்தால் போதாது. அம்மரத்தை நாடி வரும் உயிர்களையும் ஆராய்தல் வேண்டும். நட்ட மரத்தைப் பேணுவது போலவே, நடாது முளைத்த மரத்தை அறிவதும் பண்ணையாளர் கடனாகும்.