ஃபுளோஜிஸ்டன்: தழலில் பிறந்த சொல்

கிரேக்க மொழியில் 'ஃபிளாக்ஸ்' என்றால் தழல். கிரேக்கப் புராணத்தில் பாதாளத்தில் ஓடும் நெருப்பாற்றின் பெயர் ஃபிளெகெதோன். அதுவும் இந்தக் குடும்பம்தான். சளியைக் குறிக்கும் 'ஃபிளெம்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் முளைத்தது என்றால் நம்பச் சற்றுக் கடினம். அதன் மூலமான 'ஃபிளெக்மா' முதலில் தழலையும், பிறகு உடம்பில் காணும் அழற்சியையும் குறித்தது. கடைசியில் மருத்துவ நூல்களில் குளிர்ந்த கபத்துக்குப் பெயராகிவிட்டது. நம் 'அழற்சி'யும் அழலிலிருந்து வந்ததுதானே! தொடர்பே இல்லாத இரு மொழிகள், வீங்கிச் சிவந்த உடம்பில் நெருப்பையே கண்டிருக்கின்றன.

இந்த வேரிலிருந்து வந்த 'ஃபுளோஜிஸ்டன்' என்ற அறிவியல் சொல்லுக்கு 'எரிக்கப்பட்டது', 'எரியக்கூடியது' என்று பொருள். எரியும் பொருள்களில் கொழுப்பு மண் ஒன்று உண்டு என்று 1660களில் வேதியியலாளர் யோகான் பெக்கர் எழுதினார். ஜெர்மனியின் ஹாலே நகரப் பேராசிரியர் ஸ்டால் 1703 முதல் அதை ஃபுளோஜிஸ்டன் என்று வழங்கி நிலைபெறச் செய்தார். விறகு எரிந்தால் ஃபுளோஜிஸ்டன் வெளியேறுகிறது, சாம்பல் மிஞ்சுகிறது. உலோகத்தைச் சுட்டால் பற்பம் போன்ற பொடியாகிறது; அதைக் கரியோடு சேர்த்துச் சுட்டால், கரியிலுள்ள ஃபுளோஜிஸ்டனை வாங்கிக்கொண்டு மீண்டும் உலோகமாகிறது. எரிவதையும் உலோகம் உருக்குவதையும் ஒரே விதியில் கட்டிய முதல் பெரும் முயற்சி இது. பாடநூல்கள் இதை ஒரு வரியில் தள்ளிவிடுவது அநியாயம்.

சிக்கல் எடையில் வந்தது. சுடும்போது ஃபுளோஜிஸ்டனை இழக்கும் உலோகம் எடை கூடுவானேன்? 1774இல் ஆங்கில வேதியியலாளர் பிரீஸ்ட்லி பாதரசத்தின் சிவந்த பொடியைச் சூடாக்கி ஒரு புதிய காற்றைப் பிரித்தார். அதில் மெழுகுவத்தி சுடர்விட்டு எரிந்தது. அதற்கும் 'ஃபுளோஜிஸ்டன் நீங்கிய காற்று' என்றே பெயரிட்டார். எரியும்போது பொருள் எதையும் இழப்பதில்லை, இந்தக் காற்றோடு சேர்கிறது என்று காட்டியவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர். அவர் வைத்த பெயர் 'ஆக்ஸிஜன்'; அமிலத்தைப் பிறப்பிப்பது என்று பொருள். அமிலங்கள் எல்லாவற்றிலும் அது உண்டு என்று அவர் எண்ணினார். ஆனால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்ஸிஜன் கிடையாது.

ஆக, தோற்ற கிரேக்கச் சொல்லைப் போலவே வென்ற கிரேக்கச் சொல்லும் தவறான பொருளைச் சுமக்கிறது. தமிழில் வழங்கும் 'பிராணவாயு'வுக்கும் 'உயிர்வளி'க்கும் அந்தச் சுமை இல்லை. வேதியியல் ஆசிரியர்கள் வகுப்பில் இந்த இரு பெயர்களையும் ஒருமுறையேனும் சொல்ல வேண்டும்.