குறை தெரிகிற பிரதியை அனுப்புங்கள்



எங்கள் நேயர் வட்டத்தின் படக்காட்சி மாலை உங்களில் பலருக்குத் தெரியும். ஊருக்குப் போய் வந்தவர்களும் ஸ்கொட்லாந்து மலைப்பக்கம் போய் வந்தவர்களும் தாங்கள் எடுத்த படங்களைத் திரையில் போட்டுக் காட்டுவார்கள். பார்த்தவர்கள் கருத்துச் சொல்வார்கள். ஒருமுறை ஒரு அண்ணை, அராலிப் பரவைக்கடலில் பொழுதுபடும் நேரம் எடுத்த படமொன்றைப் போட்டார். முன்னுக்குக் கொக்குகள், பின்னுக்குப் பனைவரிசை. அடிவானம் கொஞ்சம் சரிந்திருந்தது. நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "அண்ணை, தண்ணி ஒரு பக்கத்தால வழிஞ்சு ஓடப் போகுது" என்று பகிடி விட்டேன். சபை சிரித்தது. அவரும் சிரித்தார்.

அடுத்த மாதம் அவர் வந்தார், படம் கொண்டுவரவில்லை. அதற்கடுத்த மாதம் ஆளே வரவில்லை.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் அவருடைய வீட்டு அல்பங்கள் எல்லாம் அங்கேயே விடுபட்டுப் போனதைப் பிறகுதான் அறிந்தேன். ஊரைக் காட்ட அவர் கையில் இருந்த முதற் படமே அதுதான்.

அந்த மனவருத்தத்தோடு இருந்தபோதுதான், பிறர் எடுத்த படத்துக்குக் கருத்துச் சொல்வது பற்றி ஒரு பழைய கதையைத் தேடிப் படித்தேன். கதையின் நாயகிக்கும் எங்கள் நாட்டுக்கும் தொடர்பு உண்டு. பள்ளிக்கூடத்தில் கோல்புறூக் - கமரோன் ஆணைக்குழு என்று பாடமாக்கினோம் அல்லவா? அந்தக் கமரோனின் மனைவிதான் ஜூலியா மார்கரட் கமரோன்.

அவருக்கு முதற் கமரா கிடைத்தது 1863 மார்கழியில், 48 வயதில். மகளும் மருமகனும் கொடுத்த பரிசு அது. வைட் தீவில் இருந்த தம் வீட்டின் நிலக்கரிக் கொட்டிலை இருட்டறையாகவும், கண்ணாடி போட்ட கோழிக்கூட்டைப் படப்பிடிப்பு அறையாகவும் மாற்றினார். அக்காலத்தில் கண்ணாடித் தட்டில் இரசாயனக் கரைசலைப் பூசி, அது காயமுன் படமெடுத்துக் கழுவி முடிக்க வேண்டும். கை சற்றுத் தவறினால் கறை, கீறல், விரலடையாளம் எல்லாம் படத்தில் விழும்.

லண்டன் புகைப்படச் சங்கம் 1853இல் தொடங்கியது. கமரோன் 1864இல் அதில் சேர்ந்தார். ஆனால் புகைப்படச் சஞ்சிகைகள் அவரைக் கடுமையாகத் தாக்கின. படம் தெளிவில்லை, கறை படிந்திருக்கிறது, வேலையில் சுத்தமில்லை என்று எழுதின. கறையும் கீறலும் உண்மைதான். ஆனால் அந்த மங்கல் பெரும்பாலும் அவர் தெரிந்தே வைத்தது. எந்த அளவு தெளிவு சரியென்று தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று விஞ்ஞானி ஜோன் ஹேர்ஷலுக்கு 1864இலேயே கடிதம் எழுதிக் கேட்டவர் அவர். கைதவறி வந்தது எது, விரும்பிச் செய்தது எது என்று சஞ்சிகைக்காரர் அவரிடம் கேட்கவில்லை.

கேட்டுப் பழகிய ஒருவர் இருந்தார். ஓவியர் ஜோர்ஜ் பிரெடெரிக் வாட்ஸ். விலையுயர்ந்த, அட்டையில் ஒட்டிய பிரதிகள் வேண்டாம், குறையுள்ள, ஒட்டாத பிரதிகளையே அனுப்புங்கள், அவற்றை வைத்தே என்னால் கணிக்க முடியும் என்று அவர் கமரோனுக்கு எழுதினார். பாராட்டையும் சொன்னார், திருத்தத்தையும் சொன்னார். குறையைக் காட்டக் கூச்சப்படத் தேவையில்லை என்ற துணிவை அந்த ஒரு வரி கொடுத்திருக்கும். 1865இலேயே சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் கமரோனின் படங்களை விலைக்கு வாங்கியது. இன்று விக்ரோரியா அன்ட் அல்பேர்ட் என்ற பெயரில் இயங்குவது அதுதான்.

பயணப் படத்துக்கும் ஓர் உதாரணம் உண்டு. 1887இல் 'அமெச்சூர் போட்டோகிராபர்' என்ற லண்டன் சஞ்சிகை விடுமுறைப் படங்களுக்குப் போட்டி வைத்தது. நடுவர் பீற்றர் ஹென்றி எமர்சன். இத்தாலியின் பெலாஜியோ ஊரில் சிரித்துக்கொண்டு நின்ற ஊர்ச்சனங்களின் படத்துக்கு முதற் பரிசு கொடுத்தார். ஆட்களை விறைப்பாக நிறுத்தாமல் இயல்பாக எடுத்த படம் அது என்பதே அவர் கண்ட சிறப்பு. எடுத்தவர் 23 வயது மாணவர் அல்பிரட் ஸ்ரிக்லிற்ஸ். பின்னாளில் அமெரிக்கப் புகைப்படக் கலையையே வழிநடத்தியவர். "நல்லாயிருக்கு" என்று சொன்னால் போதாது, எதனால் நல்லாயிருக்கு என்றும் சொல்லவேண்டும்.

மீண்டும் கமரோனிடம் வருவோம். 1875இல் கணவரின் கோப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்கு அவர் குடிபெயர்ந்தார். அங்கும் தோட்டத் தொழிலாளரையும் ஊர் மக்களையும் படமெடுத்தார். 1879இல் காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். அந்த இலங்கைப் படங்கள் சொற்பமே எஞ்சியிருக்கின்றன. அவற்றில் நிற்கும் எங்கள் சனங்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. "இந்தப் பிள்ளை யார்?" என்று அன்றைக்கு ஒருவர் கேட்டிருந்தால், அதைவிடப் பயனுள்ள விமர்சனம் வேறு இருந்திராது.

இதையெல்லாம் படித்தபின் அந்த அண்ணையின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டேன். பிறகு, முதல்நாளே கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அண்ணை, இது எந்த இடம்? ஏன் இதை எடுத்தனீங்கள்?"

"அந்தப் பனைவரிசைக்குப் பின்னாலதான் தம்பி எங்கட வளவு. கொக்கு தற்செயலா வந்தது."

நாங்கள் எல்லோரும் கொக்கைத்தான் பார்த்திருந்தோம். "அப்ப பனைக்குக் கிட்டப் போய் எடுத்திருக்கலாமே" என்றேன். "அடுத்தமுறை போகேக்க எடுக்கிறன்" என்றார். சரிவைக் கணினியில் ஒரு நிமிடத்தில் நிமிர்த்தினோம். அச்சிட்ட பிரதியின் பின்னால் இடமும் ஆண்டும் வளவின் பெயரும் எழுதினோம்.

நேயர்களே, அடுத்த படக்காட்சிக்கு நல்லாய் வந்த படத்தை மட்டும் தெரிந்தெடுத்துக் கொண்டுவராதீர்கள். சரிந்ததையும் மங்கினதையும் கொண்டு வாருங்கள். பார்க்கிற நாங்கள் முதலில் கேட்போம், நல்லதைக் காரணத்தோடு சொல்வோம், திருத்த ஒன்றே ஒன்று சொல்வோம். கடைசியாக, படத்தில் நிற்பவரின் பெயரை எழுத வைப்போம். அந்த அண்ணையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.